வாத்துகள் இறங்கும் வரை

வாத்துகள் இறங்கவில்லை. சடையன்குளத்தை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, மேற்கே உடைமுள் அடர்ந்த உடங்காட்டுப் பக்கம் தாழ்ந்து, இந்தா இறங்கப்போகுது என்று நினைக்கும்போதே என்னமோ ஞாபகம் வந்தது மாதிரி மறுபடி மேலே ஏறின. ஏறட்டும், ஒரேயடியாகப் போய்த் தொலையட்டும் என்று ஒரு நினைப்பு. ஐயோ வேண்டாம், இறங்கிவிடு, தயவுசெய்து இறங்கிவிடு என்று அதன் முதுகிலேயே இன்னொரு நினைப்பு. சண்முகவடிவு முழங்காலைக் கட்டிக்கொண்டு குளத்துக்கரையில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு சேர்த்து நாலு பேர். பேசக்கூடாது, அசையக்கூடாது, இருமல் வந்தால் துணிக்குள் இரும வேண்டும் என்று ஞானதிரவியம் சார் உத்தரவு. தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர். வருஷா வருஷம் பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்துக் குளங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், சம்பளம் கிடையாது, விருப்பப்பட்டவர்கள் வரலாம், இந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவருக்கு அந்தப் பக்கம் நிர்மல், இன்ஜினியரிங் படிக்கிறவன், கழுத்தில் குழாய் மாதிரி நீண்ட கேமரா. இந்தப் பக்கம் பால்துரை அண்ணாச்சி. பேனர் கடைக்காரர், அவளுக்கு முதலாளி. தை மாசப் பனியில் வெறும் பனியனோடு உட்கார்ந்து, இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, பல் கிட்டித்துப்போய், குற்றவாளி மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அது வடிவுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். விடிந்தும் விடியாமலும் சார் நடுக்குளத்தில் கிடந்த ஊசிவால் வாத்துக் கூட்டத்தை எண்ண ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்து வாத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதை அப்படியே கூட்டத்தின் மேல் பத்து, பத்து, பத்து என்று விரித்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் கலைந்தால் எல்லாம் போச்சு, முதலில் இருந்துதான். பாதிக் கூட்டம் தாண்டியிருப்பார். அந்த நேரம் பார்த்துப் பால்துரை அண்ணாச்சி வெயில் வந்துவிட்டதென்று போர்த்தியிருந்த துண்டை உருவி மடித்திருக்கிறார். உள்ளே மஞ்சள் டீசர்ட். ஏதோ கிரிக்கெட் போட்டிக்கு அவர் கடையிலேயே அச்சடித்து மிஞ்சியது. எலுமிச்சம்பழத்துக்கே கண் கூசும் மஞ்சள். துண்டு விலகியதும் குளம் முழுக்க ஒரே இரைச்சலாக எழும்பியதும் ஒன்றாக நடந்துவிட்டது. வடிவு மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. "குரூப்பில அவ்வளவு தெளிவாப் போட்டிருந்தேனே அண்ணாச்சி. பச்சை, காக்கி, மண்கலர். வேற எதுவும் வேண்டாம்னு." "பச்சைச் சட்டைய வீட்டுல அவ சோப்புத் தண்ணில ஊறப் போட்டுட்டா சார். காலைல போயிப் பாத்தா வாளிக்குள்ள கெடக்கு." "அதுக்கு? மேட்ச் ஆடவா வந்திருக்கோம்?" "துண்டு போத்தியிருக்கோம்லா, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன். துண்ட எடுத்தேன், மொத்தமும் எந்திரிச்சிட்டு. என் கண்ணு முன்னால சார். என்னையப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சுது." சொல்லும்போது குரலில் ஒரு பொட்டுப் பெருமைகூட இருந்தது, இத்தனை வாத்தும் தன்னைப் பார்த்துவிட்டது என்று. நிர்மல் சிரித்தான். "வாத்துக்கு உங்க டீம் பிடிக்கல போல அண்ணாச்சி." சார் சிரிக்கவில்லை. "இந்தக் குளம் முடிஞ்சதும் நீங்க மெயின் ரோட்டுக்குப் போயி பஸ் ஏறிருங்க. அடுத்த குளத்துக்கு வேண்டாம். அடுத்த வருஷமும் நான் கூப்பிட மாட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க." அண்ணாச்சி "சரி சார்" என்றார். அப்புறம் யாரும் சொல்லாமலே டீசர்ட்டைத் தலைவழியாகக் கழற்றி, சுருட்டி, தொடைக்குப் பக்கத்தில் மறைத்து வைத்துக்கொண்டார். துண்டை எடுத்துப் போர்த்தியிருக்கலாம். போர்த்தவில்லை. அதிலும் சிவப்புக் கோடு இருக்கிறதாம். "நீ எங்கம்மா போயிருந்த?" என்று சார் அவளைக் கேட்டார். "வேனுக்கு சார். பை எடுக்க." பை போகும்போதே தோளில்தான் இருந்தது. ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. ஞாயம் எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கிற மஞ்சளைத்தான் பிடிக்கும் போல.

அவள் போனது ஒன்றுக்கு. நேற்று ராத்திரியில் இருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே போகிற நாளென்றால் பெண்பிள்ளைகள் எல்லாரும் செய்கிறதுதான், யாரும் சொல்லித்தருவதில்லை, தானாக வந்துவிடும். ஆனால் மெயின் ரோட்டில் இருந்து பிரிகிற விலக்கில் வேன் நின்றபோது அண்ணாச்சி டீ வாங்கிக் கையில் திணித்தார். "குடி பிள்ள, கை சூடாவட்டும்." வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குடித்துவிட்டால் எனக்கு வரும் அண்ணாச்சி, வந்தால் எனக்குப் போக இடம் இல்லை அண்ணாச்சி என்றா? குடித்தாள். கரைக்கு வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டது. நிர்மல் வேனில் இருந்து இறங்கியதும் பனைமரத்துக்குப் பின்னால் போய் வந்தான். பின்னால்கூட இல்லை, பக்கத்தில். எங்கே போனாய் என்று அவனை ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் காலை மாற்றி மாற்றிப் போட்டாள், மூச்சைப் பிடித்தாள், வாத்துகளின் பெயரை மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்தாள், ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, ஒவ்வொரு பெயரும் தண்ணீருக்குள்தான் போய் முடிந்தது. கரைக்கு அந்தப் பக்கம் வயலில் ஆட்கள் களை எடுத்துக்கொண்டு நின்றார்கள். வேன் பக்கம் டிரைவர். மிச்சம் இருந்தது உடங்காடு ஒன்றுதான். முள்ளுக்குள் நுழைந்து, வளைந்து, ஓரிடம் பார்த்தாள்; கலர் ஒத்துவராதென்று பைக்குள்ளேயே வைத்திருந்த துப்பட்டாவை எடுத்துக் கிளையில் விரித்துப் போட்டாள், கரையில் இருந்து யார் பார்த்தாலும் தெரியாது. நிம்மதியாக உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் முன்னால் பார்த்தாள். முன்னால் தண்ணீர். தண்ணீர் முழுக்க வாத்து. மனுஷர்களுக்கு மறைவு பார்த்துப் பார்த்துத் தேடிய இடம் குளத்துக்குத் திறந்த வாசலாக இருந்தது. வாத்துக்கு இரண்டு பக்கமும் கண். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக் கண்ணால் அவளைப் பார்த்தது. நிறுத்த முடியாது. நிறுத்துகிற கட்டம் தாண்டிப் போய்விட்டது. அப்போதுதான் அந்த ஆட்காட்டிக் குருவி எங்கிருந்தோ எழும்பி அவள் தலைக்கு மேலே வந்து கத்து கத்தென்று கத்தியது, ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டுவதுதானே அதற்குப் பிழைப்பு. கத்திய சத்தத்தில் அத்தனை கழுத்தும் ஒன்றாக நிமிர்ந்தது. அப்புறம் அந்த இரைச்சல். கம்பளியை உதறுகிற மாதிரி, ஆயிரம் கம்பளி. அவள் எழுந்து, நாடா கையில் சிக்கி, முடிச்சுப் போட முடியாமல், துப்பட்டாவை இழுத்தால் அது முள்ளில் மாட்டி, இழுத்த வேகத்தில் நுனி கீழே ஈரத்தில் விழுந்து, ச்சீ, அதை அப்படியே சுருட்டிப் பைக்குள் அமுக்கி, மடைப் பக்கமாகச் சுற்றி ஓடி வந்தாள். இப்போது அந்தப் பை மடியில் இருக்கிறது. நாற்றம் வருகிறதா? வரவில்லை. வருகிற மாதிரி இருக்கிறது. வரவில்லை.

சொல்லிவிடலாம். அவ்வளவு பெரிய காரியமா? பேசக்கூடாது என்று சொல்வதற்கு முன்னால் அவ்வளவு நேரம் இருந்தது, அப்போதே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்பதுதான். ஒன்றுக்குப் போனேன் சார். சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். பாத்ரூம் போனேன் சார். உடங்காட்டுக்குள் எங்கே பாத்ரூம்? ஒதுங்கப் போனேன் என்றால் வேறு மாதிரி நினைப்பார்கள். அவசரமாப் போனேன், என்ன அவசரம் என்று நிர்மல் கேட்பான், கேட்காவிட்டாலும் அவன் முகம் கேட்கும். ஆம்பளைகள் முன்னால் ஒரு பொம்பளைப் பிள்ளை சொல்கிற மாதிரி இந்தக் காரியத்துக்கு ஒரு வார்த்தையே செய்து வைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலாவது பரவாயில்லை. அங்கே வார்த்தை வேண்டாம், சுண்டுவிரலைத் தூக்கினால் போதும், சார் தலையாட்டினால் ஓடலாம். தலையாட்டாவிட்டால்? ஒன்பதாம் வகுப்பில் கணக்கு சார் தலையாட்டவில்லை. "இப்பத்தான இடைவேளை முடிஞ்சுது, உக்காரு." இடைவேளையில் கக்கூஸ் பூட்டியிருந்தது, சாவி யாரிடமோ. உட்கார்ந்தாள். விரலைத் தூக்கினபடியே உட்கார்ந்தாள், அவர் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் இறக்கக்கூடாது என்பதுதான் வழக்கம், அவர் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பெஞ்சில் சூடாகப் பரவிவிட்டது. பக்கத்தில் இருந்த ரெக்ஸ்லின் தண்ணி பாட்டிலைத் திறந்து பெஞ்சில் கவிழ்த்தாள். "சார், பாட்டில் கொட்டிட்டு." ரெக்ஸ்லின் அந்தப் பீரியட் முழுக்க வெளியே முட்டி போட்டாள். வடிவு அதற்கப்புறம் ரெக்ஸ்லினோடு பேசினாளா? பேசவில்லை. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இடம் மாறி உட்கார்ந்தாள். எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்தாள். தன்னைக் காப்பாற்றியவளின் மூஞ்சியைப் பார்த்தால் பெஞ்சின் ஈரம் ஞாபகம் வருகிறது என்பதற்காக ஒரு சிநேகிதத்தை அறுத்தெறிந்த பிறவி. எதுக்குப் படிப்பை விட்டாய் என்று ஆள் ஆளுக்குக் கேட்கிறார்கள். வறுமையா, கல்யாணமா, என்ன கொடுமை என்று சொல்லு, உச்சுக்கொட்டத் தயாராக இருக்கிறோம் என்கிற முகத்தோடு. ஒன்றும் இல்லை. ப்ளஸ் ஒன்னில் படிப்பு ஏறவில்லை, போகப் பிடிக்கவில்லை, விட்டாள். பெஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் இருக்கலாம். இப்போது அதுவா முக்கியம்.

பால்துரை அண்ணாச்சிக்கு உதடு நீலம் பாரிக்கிறது. கையில் மயிர் குத்திட்டு நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. பனியனில் கக்கத்துப் பக்கம் ஓட்டை. ஐம்பது வயசு மனுஷன், கடையில் முதலாளி, ஓட்டைப் பனியனோடு ஒரு குளத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். குளிரட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. நிஜமாகவே வந்தது, வந்ததை வரவில்லை என்று சொல்ல முடியாது. இந்த ஆள்தானே அவள் பெரியவளானபோது பேனர் அடித்தது. பூப்புனித நீராட்டு விழா, அவள் படம் ஆள் உயரத்துக்கு, மேகத்துக்கு நடுவில் மிதக்கிற மாதிரி, தலைக்கு மேல் கிரீடம், முக்குரோட்டில் மின்கம்பத்தில் கட்டித் தொங்கியது. பள்ளிக்கூடம் போகிற வழி அதுதான். தினமும் தன் காலுக்கு அடியிலேயே தான் நடந்து போக வேண்டும். பையன்கள் பேனரைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், மறுபடி பேனரைப் பார்ப்பார்கள். கடைக்கே நேராகப் போய், "அதை எறக்குங்க" என்றாள். அண்ணாச்சி சிரித்தார். "நல்லாத்தான இருக்கு பிள்ள. ரெண்டு நாள் கெடக்கட்டும்." ரெண்டு நாளா? மழை பெய்து, ஆடு கடித்து, மூலை கிழிந்து, அவள் முகம் பாதி மடங்கித் தொங்குகிற வரைக்கும் கிடந்தது. ஆக குளிரட்டும். கணக்கு சரியாகிவிட்டது. சரியாகவில்லை. ஏனென்றால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது, "கடைக்கு வாறியா, மெஷின் பழகு" என்று கேட்டதும் இதே ஆள்தான். கேட்டவிதமும் அப்படித்தான், பெரிய உபகாரம் என்றெல்லாம் இல்லை, ஆள் தேவைப்பட்டது. கடையில் அடிக்கிறதெல்லாம் கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ கூட்டிப்போய் இந்தக் கணக்கெடுப்பில் விட்டதில் இருந்து அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. எல்லா பேனரிலும் ஒரு மூலையில் ஒரு பறவை வைத்துவிடுவார். ஒருதடவை கல்யாண பேனரில் மாப்பிள்ளை பக்கத்தில் நீண்ட அலகுக் கூழைக்கடாவை வைத்துவிட்டதில், மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து சண்டை போட்டார், "எங்க பையன் மூக்கக் கிண்டல் பண்ணுதீயளோ?" என்று. சண்டை முடிந்த பிறகு அண்ணாச்சி மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வருஷம் முழுக்க அந்த மனுஷனுக்கு இந்த ஒரு நாள்தான். கார்த்திகை பிறந்தாலே ஆரம்பித்துவிடுவார், வந்திருக்குமா பிள்ள, எங்கேயோ ரஷ்யா பக்கமிருந்து கிளம்பியிருக்கும் பிள்ள, இப்ப எந்த மலையத் தாண்டுதோ. இனிமேல் வர வேண்டாம் என்று சொன்னதற்கு சரி சார் என்கிறார். வாதாடியிருக்கலாமே! ஒரு தடவையாவது, நானா, நான் இல்லை என்று கத்தியிருந்தால் அவளுக்கும் எளிதாக இருந்திருக்கும். ஆமா நான்தான் என்று அவரே நம்பிவிட்ட பிறகு அதை அவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது.

நிர்மல் கேமராவின் பின்பக்கத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். வடிவு பையை மடியோடு அமுக்கிக்கொண்டாள். அவன் எப்போது எடுத்தான்? வாத்துகள் கிளம்பியபோது எடுத்திருப்பான். எந்தப் பக்கம் பார்த்து? வாத்துகள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அந்தக் குழாய் கேமரா குளத்தின் அக்கரையில் இருக்கிற உள்ளான் குருவியின் கால்முட்டியை எடுக்கும், அவனே பீற்றிக்கொண்டான். பெரிதாக்கினான். நகர்த்தினான். இன்னும் பெரிதாக்கினான். கண்ணைச் சுருக்கினான். கடவுளே. அவள் குந்தியிருக்கிற படம். முக்குரோட்டு பேனராவது கிரீடத்தோடு இருந்தது. இது போனுக்குப் போகும், போனில் இருந்து குரூப்புக்குப் போகும், பறவைக் குரூப்பில் எத்தனை பேர், மாவட்டம் முழுக்க, டாக்டர்கள், வாத்தியார்கள். எழுந்து ஓடிவிடலாமா. கேமராவைப் பிடுங்கித் தண்ணீரில் எறியலாமா. நிர்மல் சாரின் சட்டைக்கையை மெல்லத் தொட்டான். படத்தைக் காட்டினான். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். காலையில் இருந்து முதல்தடவையாக அவர் முகம் மலர்ந்தது. பறவையின் பெயரை மட்டும் காற்றுக்குக்கூடக் கேட்காமல் சொல்லலாம், அதற்கு அனுமதி உண்டு. "நீலத் தாழைக்கோழி," என்றார் சார். தாளில் எழுதிக்கொண்டார், ஒன்று. நிர்மல் பெருமை தாங்காமல் படத்தை அவள் பக்கமும் திருப்பினான். திரை முழுக்க இறக்கைகள். மூலையில், உடங்காட்டுக்குள், இலைக்கு நடுவே, பட்டுப்போன்ற நீலம்; அதன் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. தாழைக்கோழிக்கு நீல உடம்பு, சிவப்பு அலகு. அவள் துப்பட்டாவுக்கு நீல உடம்பு, சிவப்பு பார்டர், தீபாவளிக்கு எடுத்தது. சிரிப்பு வந்தது. அழுகை மாதிரி வந்த சிரிப்பு, உதட்டைக் கடித்து நிறுத்தினாள். அவள் தெரியவில்லை. ஒரு விரல்கூடத் தெரியவில்லை. தப்பித்தாள். தப்பித்த அடுத்த நொடியே முன்னைவிட மோசமாக இருந்தது. அவள் மறைப்புத் துணி கணக்கெடுப்பில் பறவையாக ஏறிவிட்டது; அண்ணாச்சி இறங்கிவிட்டார். அந்த ஈரத் துணி உயிரோடு சிறகடித்து எங்கேயோ மாவட்டத் தொகையில் போய்ச் சேரும், யாரோ படித்தவர்கள் அதைப் பார்த்து, பரவாயில்லையே, சடையன்குளத்தில் தாழைக்கோழி வந்திருக்கிறதே என்பார்கள்.

அப்போது வாத்துகள் இறங்கின. ஒரு முன்னறிவிப்பும் இல்லை. இவ்வளவு நேரம் என்னதான் யோசித்தனவோ, சட்டென்று எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து, சைக்கிள்காரன் பிரேக் இல்லாமல் காலை ஊன்றி நிறுத்துகிற மாதிரி காலை முன்னால் நீட்டி, தண்ணீரைக் கீறிக்கொண்டு உட்கார்ந்தன. கீறல்கள் ஒன்றையொன்று தாண்டி விரிந்து, கரை வரைக்கும் வந்து அடங்கின. சார் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். விரல் மடக்கி மடக்கி எண்ணினார். வடிவும் தனியாக எண்ண வேண்டும், இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு. பத்து, பத்து, பத்து. இது அவளுக்கு வரும். பேனர் ஓரத்தில் கண்ணால் அளந்தே துளை போட்டுப் போட்டுப் பழகியது. பத்து, பத்து, அண்ணாச்சி தும்மலை அடக்குகிறார், பத்து. எண்ணி முடித்து மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினாள். சார் தன் தாளைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒன்றேதான். அவள் பக்கம் சாய்ந்து, காதோரம், "அடுத்த குளத்துல அண்ணாச்சி இடத்துல நீ ரெண்டாவது டெலஸ்கோப்பப் பிடிச்சுக்கம்மா" என்றார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது, அதற்குப் பிறகு அந்தக் குளுமையை நினைத்தே தன் மேல் வெறுப்பாக வந்தது. அண்ணாச்சிக்கும் கேட்டிருக்கும். அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நல்லது பிள்ள, பிடிச்சுக்க என்று. டிரவுசர் பையில் கையைவிட்டு, ஒரு கடலைமிட்டாயை எடுத்து, காகிதம் சரசரக்காமல் இருக்க மெதுவாக, மெதுவாக, வெடிகுண்டைப் பிரிக்கிற மாதிரிப் பிரித்து, பாதி உடைத்து அவளிடம் நீட்டினார். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. குளிரில்.

இப்போது சொல்ல முடியாது. பேசினால் வாத்து மறுபடி கிளம்பும், நிர்மல் இன்னும் நாமக்கோழிகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். கணக்கு முடிந்த பிறகு சொல்லலாம். வேனில் சொல்லலாம். அண்ணாச்சி பஸ் ஏறிய பிறகு போனில் சொல்லலாம். நாளைக்குக் கடையில், மெஷின் சத்தத்தில், சொன்ன மாதிரியும் சொல்லாத மாதிரியும் சொல்லலாம். இப்படித்தான் ரெக்ஸ்லினுக்கும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியது. ரெக்ஸ்லின் இப்போது நர்சிங் படிக்கிறாளாம், எந்த ஊரிலோ. ரெக்ஸ்லினுக்காவது எதற்காக முட்டி போடுகிறோம் என்று தெரியும். இந்த மனுஷன் தான் செய்யாததைச் செய்ததாக நம்பிக்கொண்டு மிட்டாய் உடைத்துக் கொடுக்கிறார். வடிவு மிட்டாயை வாங்கவில்லை. குனிந்து, அவர் தொடைக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் டீசர்ட்டை எடுத்தாள். அவருக்கு என்ன தோன்றியதோ, அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்திருக்க வேண்டும், ஆமா ஆமா போட்டுக்க என்று கையைக் காட்டினார், சுருண்டிருந்த சட்டைக்கையைப் பிரித்துவிட உதவிகூடச் செய்தார். தலைவழியாக இழுத்து மாட்டினாள். ஒரு நொடி மஞ்சள் இருட்டு, மை வாசனை, வியர்வை வாசனை. முகம் வெளியே வந்ததும் எழுந்து நின்றாள். கரையின் உச்சியில், வெயில் நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில், முழங்கால் வரை தொங்குகிற மஞ்சளோடு, மறைப்பு ஒன்றும் இல்லாமல், நின்றாள்.

சார் பதறிப்போய்ப் பாதி எழுந்தார். உட்கார், உட்கார் என்று கை கீழே கீழே அமுக்கியது. அவள் உட்காரவில்லை. பறந்துவிட்டால்? பறந்துவிட்டால் அண்ணாச்சி செய்தது நிஜமாகிவிடும், அவள் செய்தது அதற்குள் ஒளிந்துகொள்ளும், அப்படியும் ஒரு நப்பாசை மூலையில் நின்றது, ச்சீ, அதுவும் நின்றது. கிட்டத்தில் கிடந்த நாமக்கோழி ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பாசியைக் கொத்தியது. ஊசிவால்கள் அலகை முதுகில் செருகிக்கொண்டு கிடந்தன. நெடுங்கால் உள்ளான் ஒன்று ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து அவளுக்கு நேர் எதிரே நடந்துபோனது. ஒன்றும் பறக்கவில்லை. சாரின் கை பாதியில் நின்றுவிட்டது. சட்டையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பனியனோடு இருந்த பால்துரை அண்ணாச்சியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவர் உள்ளங்கை மெல்ல மேலே திரும்பியது. அப்போ?

வடிவு சுண்டுவிரலைத் தூக்கினாள். இன்னொரு கையால் பையைத் திறந்து, நீலத் துப்பட்டாவை வெளியே உருவி, சிவப்பு பார்டர் தெரிய, ஈர நுனி தொங்க, உடங்காட்டுப் பக்கமாக நீட்டிக் காட்டினாள். நிர்மல் துணியைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், அவன் வாய் திறந்தது, அப்புறம் காது வரைக்கும் சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிவப்பான் என்று அவள் நினைக்கவே இல்லை. அண்ணாச்சியின் தோள் குலுங்கியது; அழுகிறாரோ என்று பார்த்தாள், இல்லை, கடலைமிட்டாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறார், கூழைக்கடாச் சண்டைக்குச் சிரித்த அதே சிரிப்பு. சார் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு கோடு போட்டு எதையோ அடித்தார், தாழைக்கோழியாகத்தான் இருக்கும். தன் காக்கிச் சட்டையைக் கழற்றி, அவளைப் பார்க்காமல், யாரையுமே பார்க்காமல், பால்துரை அண்ணாச்சியின் முதுகில் போட்டார். அடுத்த குளத்தின் பெயரை உதட்டசைவில் அவரிடம் சொன்னார். அண்ணாச்சி தலையாட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது, இனி உட்காரலாம். முகம் எரிந்தது, காது எரிந்தது, கழுத்துக்குப் பின்னால்கூட எரிந்தது. அவளைப் பார்த்து இன்னும் யாரும் தலையாட்டவில்லை. ஒருத்தர் தலையாட்டாமல் விரலை இறக்கிப் பழக்கம் இல்லை. மஞ்சள் சட்டையோடு, தூக்கிய விரலோடு அவள் நின்றுகொண்டே இருந்தாள். குளம் முழுக்க வாத்து, ஒரு வாத்துகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.